எருமைத் தலையனின் உயிர் எண்

முருகன் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒருவன் பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? என் நண்பன் அதைத்தான் செய்கிறான் என்று, ஆபரேஷனுக்குப் பிறகு ஆடப் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆட்டத்தில் நாங்கள் மூன்று பேர்: அவன், அவன் மனைவி, நான். திருவிடந்தையில் அவன் வீட்டு மாடியில், ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு வருடமாக ஆடுகிறோம். வாயால் சொல்லும் சண்டைக் கதைதான். நானும் அவன் மனைவியும் வீரர்கள். எதிரில் வரும் அரக்கன், பேய், பாம்பு எல்லாம் அவன் பொறுப்பு. ஒவ்வோர் அரக்கனுக்கும் ஓர் உயிர் எண் உண்டு. நாங்கள் பகடை உருட்டி அடிக்கும் அடிகள் சேர்ந்து அந்த எண்ணைத் தொட்டால் அரக்கன் காலி. எண்ணை எங்களுக்குக் காட்ட மாட்டான். பழைய தினசரி காலண்டர் அட்டையை மேசைமேல் நிறுத்தி, அதன் மறைவில்தான் நோட்டும் பகடையும் இருக்கும். எங்கள் பக்கம் தெரிவது முருகன் மட்டும்.

நெஞ்சில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம் கழித்துத் திரும்பப் போனேன். அன்று ஒரு குகை. உள்ளே முழுக்க எருமைத் தலை அரக்கர்கள். போன வருடம் இதே எருமைத் தலையன் ஒருவன் எங்களை மதியம் முழுக்கப் புரட்டி எடுத்திருக்கிறான். இப்போது என் மூன்றாவது அடிக்கே விழுந்தான்.

"இன்னாடா, அதுக்குள்ள பூட்டானா?"

"அடி அப்டி மச்சான். செம அடி."

செம அடியாம்! நானும் ஒரு காலத்தில் அந்த அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தவன்தான். ஆடுகிறவன் சோர்ந்திருந்தால் அரக்கனின் உயிரை ரகசியமாகக் குறைப்பது எனக்குத் தெரியாத வித்தையா? பாம்பின் கால் பாம்பறியும். அடுத்த வாரம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒவ்வோர் அடியையும் குறித்தேன். போன வருடம் எழுபத்தாறுக்கு விழுந்த ஜாதி, இப்போது நாற்பத்தொன்றில் விழுந்தது. அதற்கடுத்த வாரம் முப்பத்தெட்டு. அரக்கன் என்மேல் பாயும்போது மட்டும் குறி தப்பும். பக்கத்தில் நிற்கும் நண்பன் மனைவிக்கு ஓர் அடிகூடத் தப்பாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. ஆபீசில் நாற்காலியைக்கூட யாராவது இழுத்துப் போடுகிறார்கள். என்னை ஓர் ஆளாக மதித்து அடிக்க இந்த உலகத்தில் எருமைத் தலையன்தான் மிச்சம் இருந்தான். அவனையும் கெடுத்துவிட்டானே பாவி! அடுத்த ஞாயிறு இன்னோர் எருமைத் தலையன் எதிரில் வந்ததும் கேட்டேவிட்டேன்.

"அட்டைய எடு. எல்லாரு எதுருலயும் உருட்டு."

"இப்போ இன்னாத்துக்குடா பேஜாரு? வெளாட்டுதான இது."

"எடுறா."

அவன் அசையவில்லை. அவன் மனைவிதான், "அண்ணன் கேக்குறாரு இல்ல, எடுங்களேன்" என்று முருகனைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தாள். நோட்டில் எழுபத்தாறை அடித்துவிட்டுப் பக்கத்தில் நாற்பது என்று எழுதியிருந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டான். திரும்ப எழுபத்தாறு என்று எழுத வைத்தேன்.

அவன் உருட்டினான். முதல் அடி என்மேல் பட்டது. இரண்டாவதும் பட்டது. மூன்றாவது தடவை, இருபது முகப் பகடை இருபதைக் காட்டி நின்றது. நான்கு வருடம் வளர்த்த என் வேல்வீரனுக்கு மிச்சம் இருந்தது ஒன்பது உயிர். அரக்கனின் பலத்தையும் சேர்த்து விழுந்த அடி இருபத்துமூன்று.

எனக்கோ அப்படி ஒரு சந்தோஷம். நானே சொன்னேன்.

"அவ்ளோதான்டா. நான் செத்துட்டேன்."

"மூட்றா வாய!" என்று கத்தினான். "அன்னிக்கு கார்ல இதத்தான் சொல்லிகினு வந்த. திருப்போரூர்லருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரிக்கும். நான் செத்துட்டேன், நான் செத்துட்டேன்னு. வண்டிய ஓட்னவன் நானுடா."

எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. என்மேல் பரிதாபப்படுகிறான் என்று இத்தனை வாரம் கறுவிக்கொண்டிருந்தேன். அவன் பயந்துபோயிருக்கிறான் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டைப் புரட்டினான். "புச்சா ஒர்த்தன எழுது. அடுத்த அரக்கனுக்கும் உயிரக் கொறைக்கத்தான் போறேன். எண்ணிகினே கெட."

எழுந்து போய் அட்டையை எடுத்துவந்து, அவன் முன்னால் நானே நிறுத்தினேன்.