இடது மூலையில் ஒரு வெடிப்பு

எண்பதுகளின் பிற்பகுதியில், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கைக்கடிகாரக் கூடு செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. பக்கத்து மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சுவிஸ்காரர். ஒருநாள் நான் துளையிட்ட கூடொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் தனக்கு உதவ வரமுடியுமா என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் ஒரு விமானம் கட்டுகிறாராம். பாகங்கள் பெட்டிகளில் வந்தவை. இருக்கைகளுக்கு மேலே வரும் மூடியைப் பொருத்த இன்னொரு சோடிக் கை வேண்டுமாம்.

என்னோடு அறையில் இருந்த அண்ணை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"வீட்டுக்குப் பின்னால பிளேன் கட்டுறானோ? அதுக்கு உன்னைக் கூப்பிடுறானோ? கவனமடா. உன்னட்டை என்னத்தையோ அறியப் பாக்கிறான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் போனேன். மறுத்தால் வேலையிடத்தில் என்ன ஆகுமோ என்ற யோசனை.

விமானம் உண்மையாகவே இருந்தது. இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன உடல், இறக்கை இன்னும் பூட்டவில்லை. மூடி என்பது ஊதிய குமிழ் போல ஒரே துண்டு பிளெக்ஸிகிளாஸ், கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக். அதை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் திருகாணிகளால் பூட்ட வேண்டும். குளிரில் அது பீங்கான் போல வெடிக்கும் என்று சொல்லி, முதலில் விறகடுப்பை மூட்டிக் கொட்டகை சூடாகும்வரை காத்திருக்க வைத்தார். நான் துளைக்கும் அலகின் கூர்முனையை அரத்தில் தேய்த்து மழுக்கினேன். கூர் இருந்தால் அது பிளாஸ்டிக்கைக் கடித்து இழுத்துவிடும். பிளாஸ்டிக் சூட்டில் விரியவும் குளிரில் சுருங்கவும் இடம் விட்டு, ஒவ்வொரு துளையையும் திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக்கி, இருபக்க விளிம்பையும் வழவழப்பாக்கினேன். ஐந்து சனிக்கிழமைகள் அப்படிப் போயின.

வேலை முடிந்ததும் அவர் ஒரு கொப்பியில் எழுதுவார். ஒருநாள் அதில் என் பெயரைக் கண்டுவிட்டேன். "விமானப் பரிசோதகருக்குக் காட்ட வேணும், ஆர் எந்த வேலை செய்தது எண்டு" என்றார் ஜெர்மனில், எனக்கு விளங்கும்படி மெதுவாக. நான் கேட்காமலே விளக்கம் சொன்னது என் சந்தேகத்தைக் கூட்டியது. அவருடைய மனைவி கோப்பி கொண்டுவருவார். விமானத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அவரையும் நான் நம்பவில்லை.

மூடி பொருந்தியபின் ஒரு குறை தெரிந்தது. சட்டம் தொய்ந்தது. ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் மற்றப் பக்கம் முறுகியது. மூடினால் பின்பக்க இடது மூலை ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. பறக்கும்போது காற்று அதைப் பிடுங்கும். சட்டத்தின் உட்புறம் கண்ணாடி நார்த்துணியை ரெசின் பசையில் தோய்த்து ஒட்டி விறைப்பாக்குவதென்று அடுத்த சனிக்கு முடிவு செய்தோம்.

அந்தச் சனி நான் போனபோது அவர் அடுப்பை மூட்டவில்லை. மூடிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். இடது மூலையில், ஒரு துளையிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"கிழமைக்குள்ள நீர் இங்க வந்தனீரோ?"

கொட்டகைச் சாவி பூச்சட்டிக்குக் கீழே இருப்பது எனக்குத் தெரியும். அது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"இல்லை."

"அப்ப இது எப்பிடி வந்தது?"

பொலிசுக்குச் சொல்வாரோ, என் அகதிக் கோப்பில் எழுதுவார்களோ, விண்ணப்பம் என்னாகும் என்றெல்லாம் மனதில் ஓடியது. அவருடைய மனைவியை நினைத்தேன். விமானத்தை வெறுப்பவருக்கு ஒரு சுத்தியல் போதுமே. அந்நேரம் அவர் தட்டில் கோப்பியோடு கேக்கும் கொண்டுவந்தது எனக்குக் குற்றவாளியின் கரிசனமாகத் தெரிந்தது.

பிறகு குனிந்து அந்தத் துளையைப் பார்த்தேன். விளிம்பு சொரசொரவென்று உடைந்திருந்தது. திருகாணிக்கும் துளைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இல்லை. மற்றத் துளைகளையும் சேர்த்து எண்ணினேன். அந்த மூலையில் நான் போட்டவை நாலு, இருந்தவை ஐந்து.

"இது என்ரை துளை இல்லை. கூர் அலகாலை, குளிருக்குள்ள போட்டது."

கதவருகில் தட்டோடு நின்ற மனைவி கணவரைப் பார்த்துச் சொன்னார்: "புதன்கிழமை வேலையால வந்து நேரே இங்கதானே வந்தனீங்கள். அடுப்பு மூட்டின மாதிரியும் தெரியேல்லை."

அவருடைய கழுத்து சிவந்தது. தொய்ந்த மூலையை இன்னொரு திருகாணியால் இழுத்துப் பிடித்தால் ஒட்டுவேலை தேவைப்படாது என்று நினைத்தாராம். திருகும்போதே 'டிக்' என்று கேட்டதாம்.

"தெரிஞ்சுகொண்டோ என்னட்டைக் கேட்டனீங்கள்?" என்றேன்.

"ஓம்," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "வெக்கமாயிருந்தது."

நான் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் திரும்பிவிட்டேன். அண்ணையிடம் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் தான் சொன்னது சரிதானே என்பார். அவர் சொன்னது வேறு விஷயம்.

அதன்பின் இரண்டு சனிக்கிழமைகள் நான் போகவில்லை. மூன்றாவது வெள்ளி, தொழிற்சாலையில் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் மறுநாள் போனேன். வெடிப்பின் நுனியில் சின்னத் துளையிட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினேன். சட்டத்தை விமானத்தின்மேல் மணல் மூட்டைகளால் அழுத்தி வைத்து, மூன்று அடுக்குத் துணி ஒட்டினோம். ரெசின் இறுகியபின் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். மற்றப் பக்கம் முறுகாமல் கூடவே வந்தது. மூலை சரியாக உட்கார்ந்தது. அன்று காலை அவர் சாவியை எடுக்கச் சொன்னபோது, நான் தொடாமல் அவரையே எடுத்துத் திறக்கச் சொன்னேன்.

கோடையில், பரிசோதகர் பார்த்து ஒப்பமிட்ட பிறகு, அவர் பலமுறை தனியாகப் பறந்தார். ஒரு ஞாயிறு என்னையும் புல் ஓடுபாதைக்கு அழைத்துப் போய், பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

"இன்னொரு நாள் வாறன்," என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. தனியே ஏறிப் போனார். மனைவி என் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தார்.

"நானும் ஏறமாட்டன்," என்றார் வானத்தைப் பார்த்தபடி. "இதுக்குள்ள இன்னும் என்னென்ன செய்துபோட்டுச் சொல்லாமல் இருக்கிறாரோ, ஆருக்குத் தெரியும்?"

முதல்முறையாக அவரோடு சேர்ந்து சிரித்தேன். விமானம் ஏரிப் பக்கமாகத் திரும்பிச் சிறுத்தது. அது திரும்பி வந்து புல்லில் இறங்கும்வரை நாங்கள் இருவரும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.