அய்யாக்குட்டி வயலுக்கு வந்த ஆந்தை

மேலகரத்தில் அய்யாக்குட்டியைப் போல சகுனம் பார்க்கிறவர் கிடையாது. சாரல் விழுந்து ஊரே குற்றாலத்துக்கு ஓடுகிற நாளிலும், எதிரே வெறுங்குடம் வந்துவிட்டால் குளிக்காமல் வீடு திரும்புவார். அப்படிப்பட்டவருடைய, மாசி பங்குனியில் அறுப்புக்கு வரும் பிசான நெல்லில் ஐம்பத்தெட்டாம் வருசம் எலி புகுந்தது. கதிர் வெளிவராமல் பொதி கட்டி நின்ற பயிரை அடியோடு கத்தரித்துப் போட்டது. பாஷாணம் வைத்துப் பார்த்தார். எலி அதைத் தொடாமல் சுற்றிப் போனது. அவருடைய கோழிகள்தான் தின்று செத்தன.

அவர் மனைவி ரத்தினத்துக்குப் பிறந்த ஊர் புளியறை. அங்கே பார்த்த பழக்கத்தில், நாலைந்து தென்னை மட்டைகளை அடிப்பக்கம் மேலே வரும்படி வரப்போரம் ஊன்றினாள். பறவை வந்து உட்காரட்டும் என்று மட்டும் சொன்னாள். கொக்கோ மைனாவோ என்று அய்யாக்குட்டி நினைத்திருந்தார். பொழுது மசங்கியதும் வந்து உட்கார்ந்தது வெள்ளை மூஞ்சி ஆந்தை. அவருக்குக் காய்ச்சலே கண்டுவிட்டது.

காய்ச்சல் விட்டதும் மட்டைகளைப் பிடுங்கப் போனார். மட்டையடியில் ஆந்தை கக்கிப்போட்ட உருண்டைகள் கிடந்தன. குச்சியால் கிளறினால் எலி மயிரும் எலும்பும். பிடுங்காமல் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து டீக்கடையில், ஆந்தை லட்சுமியின் வாகனம், வடக்கே அதைக் கும்பிடுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

பக்கத்து வயல் பிச்சையா அதை ஏற்கவில்லை. பிள்ளைகுட்டி உள்ள ஊருக்குள் சாவை அழைக்கிற பறவையைக் கூப்பிட்டு வைக்கலாமா என்று பஞ்சாயத்துத் தலைவர் நாறும்பூநாதனிடம் பிராது கொடுத்தார். விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள், அய்யாக்குட்டி வயலில் எலி குறைந்துபோனது பிச்சையா கண்ணில் பட்டது. தன் வயலிலும் மட்டை ஊன்றினார், ஒரு முழம் கூடுதல் உயரமாகவே. ஆந்தை அங்கே மாறிக்கொண்டது.

விசாரணை அன்று பிராது தலைகீழாகிவிட்டது. முறையிட்டது அய்யாக்குட்டிதான்.

“தலைவரே, என் ஆந்தைய அண்ணாச்சி மடக்கி வச்சிருக்காரு. திருப்பித் தரச் சொல்லுங்க.”

“அது என்ன உம்ம வீட்டுக் கோழியா வே? அதுவா வருது, அதுவா இருக்கு,” என்றார் பிச்சையா.

நாறும்பூநாதன் வெற்றிலை முழுவதையும் மென்று முடித்துவிட்டு, ஆந்தை ஊருக்குப் பொது என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் எல்லாருடையதையும்விட உயரமான கம்பு அவர் வயலில் நின்றது. தை முடிவதற்குள் வயற்காடு முழுக்க மட்டைகள் முளைத்துவிட்டன. ஆந்தைக்காக என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால், கொக்குக்கு என்றார்கள். எலி அடங்கி, அந்தப் பிசானம் எல்லாருக்கும் நன்றாகவே விளைந்தது.

அய்யாக்குட்டிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அடுத்த பிசானத்துக்கு நல்ல அகல மட்டையாகத் தேடி ஊன்றினார். ஆந்தையின் காலுக்கு உறுத்தக் கூடாதென்று அதன் மேல் சாக்கை மடித்துக் கட்டினார்.

“எங்க அம்மா வந்திருந்தப்பம் ஒரு பாய் விரிக்க ஒங்களுக்கு மனசு வரல,” என்றாள் ரத்தினம்.

அவர் காதில் வாங்காமல் சாக்கை இறுக்கினார். அன்று பொழுது சாய்ந்ததும் ஆந்தை அந்த மட்டைக்கே வந்தது. அய்யாக்குட்டி பயத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் அதன் பக்கமாகக் கூப்பினார்.