ஜனாதிபதிகளை அண்ணன் தம்பியாக்கிய கட்டுரை

அமெரிக்காவை ஒரே கடைசிப் பெயரோடு ஆண்ட ஜனாதிபதிகள் எல்லோரும் அண்ணன் தம்பிமார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சிரிக்கலாம். ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். எங்கள் குடும்பத்தில் அதே கடைசிப் பெயர் உள்ள இன்னொரு ஆள் என் தம்பி மட்டும்தான். மகளின் கடைசிப் பெயர் என்னுடைய பெயர். மனைவிக்கும் அதுவே, கனடாத் தாள்களில் பார்த்தால் அவள் என் மூத்த மகள். கனடாவில் இருபத்தைந்து வருடம் இருந்தும் இந்த விஷயத்தில் என் மூளை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடவில்லை.

நினைத்ததோடு நின்றிருந்தால் பிழையில்லை. ஐந்து பக்கம் எழுதியும் கொடுத்துவிட்டேன்.

பக்டரியில் சூப்பவைசர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் தருவோம் என்றார்கள். எனக்கு ஒரு பாடம் குறைந்தது. டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த வளர்ந்தோர் பள்ளியில், என் பின்னேர ஷிப்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் காலையில் நடந்த ஒரே வகுப்பு அமெரிக்க வரலாறு. ஒரே கடைசிப் பெயர் கொண்ட ஜனாதிபதிகளைப் பற்றி எழுதச் சொன்னார் ரீச்சர். வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுத்தேன். சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் அதன் பிரதியை எடுத்து வாசித்தாள்.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்? முதல் பக்கத்தில இருக்கிற உவை ரெண்டு பேரும் தகப்பனும் மகனும்!”

“அப்ப கடைசிப் பக்கத்து ரெண்டு பேர்?”

“அவைக்கு நடுவில நூறு வருசம் கிடக்கு. சொந்தமே இல்லை.”

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவியின் குரல் வந்தது. “நூறு வருசம் கழிச்சுத் தம்பி பிறந்திருக்கிறானோ? அந்தத் தாயைக் கும்பிடோணும்.”

நானும் சிரித்தேன். பிறகுதான் கணக்குப் பார்த்தேன். கட்டுரை போனால் பாடம் போகும், பாடம் போனால் வேலை போகும். ஞாயிற்றுக்கிழமை இருக்க முடியவில்லை. மூன்று தரம் பால் வாங்கப் போனேன். பிரிட்ஜ் கதவு மூடாத நிலை வந்ததும் மனைவி, “இனி மாட்டையே கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றாள். பள்ளியில் பயர் அலாமை இழுத்துவிட்டு, எல்லோரும் வெளியே ஓடும்போது தாளை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நரைத்த தலையோடு, வளர்ந்தோர் பள்ளியில், பொலிஸ் பிடித்தால் என்னவென்று சொல்வது?

திங்கட்கிழமை வகுப்புக்கு அரை மணித்தியாலம் முன்பே ரீச்சரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

“என் பெயரை எழுத மறந்துவிட்டேன். தாளைத் தந்தால் எழுதித் தருகிறேன்” என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் அடுக்கிலிருந்து என் கட்டுரையை உருவினார். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிக் காட்டினார். ஐந்து பக்கத்திலும் என் முழுப்பெயர், அழகான எழுத்தில். அந்தக் கட்டுரையில் பிழையில்லாத பகுதி அது ஒன்றுதான்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அப்பா, தம்பி, தாளில் மகளாகிப்போன மனைவி எல்லோரையும் அந்த மேசைக்கு இழுத்து வந்தேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இளகிவிட்டார் என்று கையை நீட்டினேன்.

“நல்ல விளக்கம்” என்றார். “ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். கடைசிச் சோதனைக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள் இருக்கிறது. போய்ப் படியுங்கள்.”

படித்தேன். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், கோயில் வரிசையில்கூட. யார் யாருக்குத் தகப்பன், யார் யாருக்குப் பேரன், யார் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

கட்டுரைக்கு முப்பத்தெட்டு கிடைத்தது. சோதனையோடு சேர்த்து மொத்தம் ஐம்பத்துமூன்று. ஐம்பது எடுத்தால் பாஸ்.