முதல் பெயர் என்னுடையது

“பாய், உங்க பொண்ணு கையெழுத்து செல்லுமா?” என்று தாம்பரத்தில் வண்டிக்கடன் கொடுக்கும் அலுவலகத்து மேனேஜர் என் அத்தாவிடம் கேட்டார். செல்லும் என்று காட்ட எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. ஒரு கடலையும் தாண்ட வேண்டியிருந்தது.

போன வாரம் இங்கே பினாங்கில், நான் கணக்கெழுதும் தொழிற்சாலை அலுவலகத்தில், காக் ரோஹானி என் மேசையில் ஒரு மடித்த அட்டையை வைத்து, “சைன் சினி, பொலே?” என்றார். காக் என்றால் அக்கா. இங்கே கையெழுத்துப் போடு, முடியுமா என்கிறார். ஏற்கெனவே ஆறு பேர் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்ததை அகராதி வைத்துப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். மதியம்வரை பொறுத்தவர், என்ன பயம் என்று கேட்டார். “இவர்களில் யாராவது இறந்துவிட்டால் நான் பொறுப்பா?” என்றேன் ஆங்கிலத்தில். அவர் முகம் வெளிறிப்போனது. அது எங்கள் முதலாளிக்கான பிறந்தநாள் வாழ்த்து அட்டை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அத்தா தன் பெயரை எழுதமாட்டார், வரைவார். மறைமலை நகர் கார் தொழிற்சாலைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போக ஒரு வேன் வாங்க ஆசைப்பட்டார். நான் பி.காம். முடித்து ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கடனுக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். மேனேஜரின் கேள்வி அத்தாவுக்குச் சுருக்கென்றது.

“இன்னா சார் அப்டி கேட்டுட்டீங்க? பி.காம். படிச்ச பொண்ணு சார். அவ பேர மேல போடுங்க. என் பேரு கீழ இருந்தா போதும்.”

அப்படியே போட்டார்கள். முப்பது இடத்துக்கு மேல், சுழித்து, அடியில் கோடு இழுத்துக் கையெழுத்திட்டேன். ஒவ்வொன்றையும் ரசித்தேன். அதற்கு மேலே அச்சடித்திருந்ததில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. வேனின் பின்கண்ணாடியில் அத்தா ‘ஷாகிரா பி.காம்.’ என்று எழுதவைத்தார்.

வேன் வாங்கிய எட்டாம் மாதம் அத்தா மாரடைப்பில் மௌத்தானார். “ஆளே போயிட்டாரு, இனிமே எவன் வந்து கேப்பான்? பேஜாரே இல்ல, வுடு” என்று மாமா தைரியம் சொன்னார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த வாரமே தவணை கேட்டுக் கடிதம் வந்தது, என் பெயருக்கு. வேனைத் தூக்கிப்போனால் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் சோறில்லை. மேனேஜரிடம் ஓடினேன்.

“சார், லோனுக்கு இன்சூரன்ஸ் புடிச்சீங்களே?”

“புடிச்சோம்மா. யார் பேரு முதல்ல இருக்கோ அவங்க உயிருக்கு.” காகிதத்தை என் பக்கம் திருப்பினார். “நீ நல்லாத்தானே இருக்கே?”

நன்றாகத்தான் இருந்தேன். அதுதான் சிக்கல். 

“அப்ப என் பாதிய மட்டும் கட்டுறேன் சார்.”

“பாதிங்கிறதே கெடையாதும்மா. ஒருத்தர் போனா மிச்சம் முழுக்க இன்னொருத்தருக்கு.”

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை முதன்முறையாகப் படித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அத்தா என் பெயரைக் கீழே போடச் சொல்லியிருந்தால் கடன் அவரோடு போயிருக்கும். படிக்கவைத்த மகளுக்கு அவர் செய்த மரியாதை அது.

என் சம்பளம் தவணைக்குப் போதாமல்தான் பினாங்கு வந்தேன். அத்தாவிடம் வேலை பார்த்த செல்வம் அண்ணன் வேனை ஓட்டினார். அவர் கொடுத்தது வீட்டுக்கு, நான் அனுப்பியது கடனுக்கு. போன மாதம் கடன் முடிந்தது. பெரிய தங்கையும் வேலைக்குப் போய்விட்டாள். வேனை செல்வம் அண்ணனே லோன் போட்டு வாங்கிக்கொள்கிறார். நேற்று போன் செய்தார்.

“லோனுக்கு ரெண்டு பேரு கையெழுத்து கேக்குறாங்கோ பாப்பா. என் பொண்ணு பன்னெண்டாவது பாஸு. அவ பேர மேல போட்டுடவா?”

“வேணாம்ணா. ஓட்டுறவர் பேரு மேல இருக்கட்டும். எல்லாப் பக்கத்தையும் படிச்சிட்டு அவளக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

“கண்ணாடில உன் பேரு கீது. அழிச்சிடட்டா?”

நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே வரிசையில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. மறைமலை நகர் போகும் ஜி.எஸ்.டி. சாலையிலோ தினமும் மூன்று ஷிப்டுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன், பட்டத்தோடு.

“இருக்கட்டும்ணா” என்றேன்.

வேனை அவர் பெயருக்கு மாற்றும் படிவங்களை இன்று காலை கூரியரில் அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்திட்டேன். இம்முறை சுழிக்கவில்லை, அடியில் கோடும் இழுக்கவில்லை.