கஞ்சமலையை எடைக்குப் போட்ட கதை

மலையைப் பழைய இரும்புக்காரரிடம் விற்கப் பார்த்த மடையன் யார் என்று கேட்டால், இளம்பிள்ளைப் பக்கத்தில் என்னைத்தான் கை காட்டுவார்கள். அப்போது ஆறாம் வகுப்பு. அறிவுக்குக் குறைவில்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்த வயது.

என்னிடம் ஒரு பழைய சைக்கிள் ரிம் இருந்தது. குச்சியால் தட்டி ஓட்டினால் தெருவில் என்னை முந்த ஆளில்லை. ஒருநாள் அது உருண்டுபோய், அப்பா தறிக்காகச் சாயம் போட்டுக் காயவைத்திருந்த நூலில் விழுந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் குடுக்கற பாய் வரட்டும். இதத் தூக்கிப் போட்டுட்டுத்தான் மறுவேலை" என்றார் அம்மா.

ரிம்மைக் காப்பாற்ற வழி என் கையில் இருந்தது. கஞ்சமலை முழுக்க இரும்பு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ரிம்முக்குப் பதிலாக மலை இரும்பைக் கொடுத்துவிட்டால் போயிற்று. மழை பெய்தால் மலையடி ஓடையில் கருமணல் ஒதுங்கும். காந்தத்தைக் காட்டினால் மயிர் மயிராக எழுந்து ஒட்டும். ஞாயிறு காலை அப்பா சேலை கொடுக்கச் சேலம் கிளம்பியதும், அவருடைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

மத்தியானம் பாய் வந்தபோது ஒரு டப்பா நிறைய மணலோடு அவர் சைக்கிளை மறித்தேன்.

"பாய், ரிம்ம உட்ருங்க. இத எடுத்துக்குங்க, அசல் இரும்பு."

"மண்ண அள்ளிட்டு வந்து இரும்புங்கறே?"

காந்தத்தை நீட்டினேன். மணல் தாவி ஒட்டியது. பாய் கொஞ்சம் அசந்துதான் போனார்.

"ஒட்டுது, இல்லேங்கல. உருக்கிக் கட்டியாக் கொண்டா தம்பி, ரெண்டு பங்கு பழம் தாரேன்."

"எதுல உருக்கறதுங்க?"

"மலை உங்க ஊர்லதான இருக்குது? நீதான் சொல்லோணும்."

"அவன் கெடக்கறானுங்க பாய்" என்று அம்மா ரிம்மை நீட்டினார். அது சாக்கில் போய் விழுந்தது. பேரீச்சம்பழத்தை அழுதுகொண்டே தின்றேன். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

கல்லுக்குள் இரும்பு இருப்பது வேறு, கையில் இரும்பு இருப்பது வேறு என்று அன்றைக்குத் தெரியவில்லை. கல்லை உருக்கி இரும்பாக்க நிலக்கரி வேண்டும், சுண்ணாம்புக்கல் வேண்டும், தண்ணீர் வேண்டும், ரயில் வேண்டும். சேலத்தில் வெட்டும் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்கூடச் செங்கலாகி, எங்கோ ஒரு இரும்பு உலைக்கு உள்சுவராகிறது. நாட்டின் ஒரு மூலையில் கிடப்பது இன்னொரு மூலையில் கிடப்பதற்காகக் காத்திருக்கிறது. நானோ ஒரு டப்பாவையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா தறியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினார். மூச்சில்லை. பின்பக்கம் கழற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை.

"நாளையிலிருந்து பள்ளிக்கூடம் உட்டதும் தறிகிட்ட வந்து நின்னு, நீயே பாடு சாமி."