கிராப் அப்பிள் மரத்தில் கட்டிய செருப்பு

மெல்பேர்னுக்கு வந்த நாள் முதல் எனக்கு ஒரே பிடிவாதம்: ஊருக்குத் திரும்பவேண்டும். எழுபதுகளின் நடுப்பகுதி. மல்கிரேவில் எங்கள் வீட்டுக்குக் கிட்டடியில் கதைக்க ஒரு தமிழ்ச் சனம் கிடையாது. கணவருக்கோ வேலை பிடித்துவிட்டது. நான் ஜன்னலுக்கும் குசினிக்கும் இடையில் கால் தரிக்காமல் நடந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் ஒரு கிராப் அப்பிள் கன்று வாங்கிவந்தார். பூவின் அழகுக்காக வளர்க்கிற மரமாம். நெல்லிக்காய் அளவில் காய்க்குமாம், புளிப்பென்றாலும் நல்ல ஜாம் காய்ச்சலாமாம்.

"போகப்போற ஆக்களுக்கு ஏன் மரம்?" என்று சீறினேன்.

"இதிலை ஒரு போத்தல் ஜாம் காய்ச்சிப்போட்டுப் போவம். சத்தியமாய்" என்றார்.

அந்தச் சொல்லை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மரம் சீக்கிரம் காய்க்கவேண்டும், நாங்கள் கிளம்பவேண்டும். மீன் கழுவிய தண்ணீரை எல்லாம் அதற்கே ஊற்றினேன். குளிருக்கு இலை கொட்டி மொட்டையாக நின்றபோது, பட்டுப்போய்விட்டதோ என்று நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். வசந்தத்தில் பூத்துக் குலுங்கியது, காயைத்தான் காணோம். அடுத்த வருடமும் அதே கதை. காய்க்காத மரத்தில் பழஞ்செருப்பைக் கட்டினால் ரோசம் வந்து காய்க்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அவருடைய பழைய செருப்பையே கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் போய்விட்டார். எனக்கு வெட்கம்கூட வரவில்லை.

மூன்றாவது வசந்தம். பூ உதிர்ந்து முடிந்த சமயம், ஒரு காலை தேத்தண்ணீர்க் கோப்பையோடு பின்வளவுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போகிற உடுப்போடு மரத்தடியில் நின்றார். மிளகளவு பிஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறீங்கள்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "சின்ன மரம்... பாரம் தாங்காதெண்டு கடைக்காரன்..."

"முந்தின வருசங்களும் நீங்கள்தானோ?"

"ஓம்."

"போக விருப்பமில்லையெண்டு வாயாலை சொல்லக்கூடாதோ?"

"சொன்னா நீர் தனியப் போயிடுவீரெண்டு பயம்."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை அவிழ்த்தேன். மரம் பாவம், அது வருடா வருடம் காய்த்துத்தான் இருக்கிறது. செருப்பை அவர் காலடியில் போட்டேன். பிறகு, மிஞ்சியிருந்த பிஞ்சுகளுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"தனியப் போகமாட்டன்" என்றேன். "ஆனா இனி ஒரு பிஞ்சிலையும் கை வையாதேங்கோ."