அக்காவை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள்

எழுபதுகளின் கடைசியில், சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்களுக்கு ரப்பர் வேண்டாம், நிலம்தான் வேண்டும். மரங்களைச் சாய்த்துவிட்டு வீடு கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நான் அப்போது பக்கத்து நகரமான ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். அக்கா தோட்டத்திலேயே பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் லாரி ஓட்டினார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். அத்தானுக்கும் காம்பார் என்ற ஊரில் வேலை கிடைத்தது. அக்கா மட்டும் அசையவில்லை.

அவள் மகள் அந்த வருஷம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். பள்ளியை மட்டும் வருஷக் கடைசிவரை விட்டுவைத்திருந்தார்கள். நடு வருஷத்தில் பள்ளி மாற்றினால் பிள்ளை தடுமாறிவிடும், பரீட்சை முடிகிறவரை இருக்க விடுங்கள் என்பதுதான் அவள் கேட்டது. அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். அம்மா வேலைக்காட்டுக்குப் போனபோது கைக்குழந்தையாயிருந்த என்னைப் பார்த்துக்கொள்வதற்காக நிறுத்தினார்கள்.

புது முதலாளியின் வக்கீல் அக்காவையும் அத்தானையும் ஈப்போவுக்கு வரச் சொன்னார். வயதான சீனர். ஆங்கிலத்தில்தான் பேசினார். மொழிபெயர்க்க நான் போனேன். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வக்கீல் அக்காவைப் பார்த்து, “ஷீ மஸ்ட் யீல்ட்” என்றார்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். “ஈல்டா? என் நெறையில பாலு கொறைஞ்சுபோச்சுன்னு சொல்றாரா? எந்தக் கிராணிய வேணும்னாலும் கேட்டுப் பாக்கச் சொல்லுலா!”

தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஒருத்தியின் நிரையில், அவள் வெட்டுகிற மர வரிசையில், கிடைக்கிற பால். கணக்கெழுதும் கிராணி தினமும் பாலை நிறுக்கும்போது சொல்வது. அக்காவின் காதில் வேறு எதுவும் விழ நியாயமில்லை.

“அது இல்லக்கா. இங்க வேற அர்த்தம்” என்றேன். எந்தத் தமிழ்ச் சொல்லைச் சொல்வதென்று தெரியவில்லை. பணிந்துபோ என்றால் வக்கீல் அவளை அதட்டியதாக ஆகும். ஒப்படை என்றால் திருடிய பொருளைக் கேட்பதுபோல் இருக்கும். இணங்கு என்றால் வேண்டாமென்று சொல்லவும் அவளுக்கு இடமிருப்பதுபோல் தோன்றும், அப்படி இடம் எதுவும் இல்லை. கடைசியில், “விட்டுக்கொடுக்கணுமாம்” என்றேன்.

“அது எனக்குத் தெரிஞ்சதுதான்” என்றாள் அக்கா. “பள்ளிக்கூடத்த விட்டேன். கல்யாணத்தன்னிக்கு அம்மா இதத்தான் சொல்லி அனுப்புனாங்க, இத்தன வருஷமா இவருக்கு விட்டுக்கொடுத்தேன். இது என் புள்ளையோடது. அது பரீட்சை எழுதட்டும், மறுநாளே போயிர்றேன். அப்படியே சொல்லு, ஒன்னையும் மாத்தாத.”

அப்படியே சொன்னேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

வெளியே, கடைகளுக்கு முன்னால் கூரையடியில் ஓடும் ஐந்தடிப் பாதையில் வைத்து அத்தான் வெடித்தார். “தோட்டமே காலியாயிருச்சு, நீ மட்டும் என்ன பெரிய ஆளு? அந்த ஆளு முன்னால என் மானத்த வாங்கிட்ட. நான் நாளைக்குக் காம்பார் போறேன். வந்தா இப்ப வா.”

“பரீட்சை முடிஞ்சதும் வாரேங்க.”

“அப்புறம் வராத” என்றார்.

சொன்னபடியே போய்விட்டார். பொதுக்குழாயில் தண்ணீரை நிறுத்தினார்கள். பக்கத்து வீடுகளின் கதவுகளையும் தகரத்தையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் பிடித்துப் போவேன். மரம் அறுக்கிற சத்தம் ஒவ்வொரு வாரமும் நெருங்கி வந்திருக்கும். பிள்ளை இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு படிக்கும். கதவுக்குப் பின்னால் அக்கா காடு வெட்டும் நீண்ட பாராங்கத்தியைச் சாய்த்து வைத்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. போய்விடலாம் என்று சொல்ல வாய் வரும், அவள் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடும்.

வக்கீலிடமிருந்து பதிலே வரவில்லை. ஒரு நாள் மண்வாரி இயந்திரம் லயத்துக்குப் பின்புறம் வந்து நின்றது. ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். அக்கா தெரிந்த மலாயில் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். அவர் இயந்திரத்தைத் திருப்பி, தோட்டத்தின் மறுகோடியிலிருந்து வேலையைத் தொடங்கினார். முதலாளி மனமிரங்கிச் சொன்னாரா, இவராகவே செய்தாரா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

பிள்ளை பரீட்சை எழுதியது. மறுநாளே மூன்று பேரும் மூட்டைகளோடு காம்பார் போனோம். அத்தான் கதவைத் திறந்தார். பிள்ளையை உள்ளே கூப்பிட்டுத் தலையைத் தடவினார். அக்காவுக்கு மட்டும் வழிவிடாமல் நிலையில் கை வைத்து நின்றார்.

“உனக்குத்தான் யாரும் வேணாமே” என்றார்.

என்னை மன்னியுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் கையை எடுத்திருப்பார். அதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. சொல்லுக்கா, சொல்லிவிடு என்று மனத்துக்குள் கெஞ்சினேன். அவள் மகளைக் கூப்பிட்டாள். ஈப்போ பஸ் ஏறினோம்.

என் ஒற்றை அறையில் மூவரும் இருந்தோம். அக்கா ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள். அடுத்த தீபாவளிக்கு அத்தான் வந்தார், மகளுக்குப் பாவாடைத் துணியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு. வீட்டுக்கு வா என்று அவரும் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. அக்கா சமைத்தாள், நான் பரிமாறினேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அடுப்புப் பக்கம் திரும்பியே நின்றிருந்தாள்.